எங்கள் சந்தின் ஓ பாசிட்டிவ்

என் அப்பா அம்மா எனக்கு வைத்த பெயர் நல்ல பெயர்தான். ஆனால் தாராவியில் எங்கள் சந்து முனையில் இஸ்திரி போட்டுக்கொண்டிருந்த அண்ணாச்சி கடைசிவரை அந்தப் பெயரைச் சொல்லி என்னைக் கூப்பிட்டதே இல்லை. "ஏளா நெகட்டிவ், மழ வாரது மாதிரி இருக்கு, கொடியில கெடக்குத துணிய எடு" என்பார். கல்யாணமாகி வந்த புதிதில் எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். நல்ல நாளும் அதுவுமாக ஒரு பெண்ணை நெகட்டிவ் என்று கூப்பிட்டால் யாருக்குத்தான் பிடிக்கும்? "என் பேரச் சொல்லுங்க அண்ணாச்சி" என்று நானும் அலுக்காமல் சொல்லிப் பார்த்தேன். "பேரு ஊருக்கே இருக்கும். பி நெகட்டிவ் இந்தச் சந்துல நீ ஒருத்திதான்" என்று சொல்லிவிட்டுப் பெட்டியை ஓட்டுவார்.

எனக்கு மட்டும் இல்லை, எல்லாருக்கும் அதே கதிதான். ஒரு பலகை, அதன்மேல் மடித்த போர்வை, கரி போட்ட இஸ்திரிப் பெட்டி. அவ்வளவுதான் அவர் கடை. எங்கள் கோலிக்கு, அதாவது ஒற்றை அறை வீட்டுக்கு, நேர் எதிர். நான் வாசலில் மெஷின் போட்டு ரவிக்கை தைப்பேன், அவர் தேய்ப்பார். சந்தைவிட்டு வெளியே போகிற எவரும் அவரைத் தாண்டித்தான் போகவேண்டும். "என்ன ஏ பாசிட்டிவ், இன்னிக்கு வேலைக்குப் போவலியா?" என்பார். பேக்கரிக்காரருக்கு ஏபி பாய் என்று பெயர். பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகளைப் பார்த்து, "ஒனக்கு இன்னும் பேரு வைக்கல, ரத்தம் பாத்தபொறவு வைக்கேன்" என்பார்.

அவரைத் தேடி ஆள் வந்தபடியே இருக்கும். ஆபரேஷன், விபத்து, பிரசவம், டெங்கு என்று யாருக்கு ரத்தம் வேண்டுமானாலும் ஆஸ்பத்திரியில் முதலில் கேட்பது, ஆள் கூட்டிவர முடியுமா என்றுதான். வந்தவர் முகத்தைப் பார்த்ததும் அண்ணாச்சி பெட்டியைத் தூக்கித் தனியே வைத்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டு நிற்பார். "தோல் பை தைக்குத கார்கானாவுல ரெண்டு பேரு இருக்கான். ஒருத்தன் போன மாசந்தான் குடுத்தான், அவன் வேண்டாம். மத்தவனக் கூட்டிட்டு வாரேன்" என்று கிளம்பிவிடுவார். தேய்க்காத துணியெல்லாம் அப்படியே கிடக்கும். துணிக்குச் சொந்தக்காரர்கள் வந்து கத்துவார்கள். நான்தான் பதில் சொல்லவேண்டும்.

சந்தில் எந்தக் கட்சிக்காரர் பிறந்தநாள் முகாம் போட்டாலும் முதல் ஆளாகக் கட்டிலில் படுத்திருப்பது அவராகத்தான் இருக்கும். "நான் ஓ பாசிட்டிவ் ளா. பாசிட்டிவ் எவனா இருந்தாலும் என் ரத்தம் ஆவும்" என்று நெஞ்சை நிமிர்த்திச் சொல்வார். "எனக்கு ஆகாதே" என்றால், "ஒனக்கு யாரு குடுப்பா, ஒன் வாயிக்கு" என்பார். முகாமில் கொடுத்த அட்டையைக் கண்ணாடித்தாள் ஒட்டி, முருகன் படத்துக்குப் பக்கத்தில் ஆணியில் மாட்டிவைத்திருந்தார். அதில் ஓ பாசிட்டிவ் என்று சிவப்பு மையில் பெரிதாக எழுதியிருக்கும்.

அவர் சொன்னதெல்லாம் வேதவாக்கு என்று நினைக்கவேண்டாம். பி குரூப்காரர்களுக்குக் கோபம் அதிகம், ஏ குரூப்காரன் கைக்காசை இறுக்கிப் பிடிப்பான், ஓ குரூப்காரன் இரக்கப்பட்டே கெட்டுப்போவான் என்று அளந்துவிடுவார். சுத்தப் புளுகு. ஆனால் ஒரு விஷயத்தில் அவரை மறக்கமுடியாது. நான் முதல் பிள்ளையைச் சுமந்தபோது, வீட்டுக்காரர் பாசிட்டிவ், நான் நெகட்டிவ் என்பதை எங்களைவிட அவர்தான் அதிகம் நினைத்துக்கொண்டிருந்தார். "புள்ள அப்பன் மாதிரி பாசிட்டிவா பொறந்தா, அதோட ரத்தம் ஒன் ஒடம்புல கொஞ்சம் கலந்துரும். ஒன் ஒடம்பு அத எதிரின்னு நெனச்சு ஆயுதம் செஞ்சு வச்சுக்கிடும். இந்தப் புள்ளைக்கு ஒண்ணும் ஆவாது. அடுத்த புள்ளையத்தான் போட்டு அடிக்கும். அதுக்கு ஒரு ஊசி இருக்கு, புள்ள பொறந்து மூணு நாளைக்குள்ள போடணும்" என்று மூச்சுவிடாமல் சொன்னார். பிரசவ வார்டு வாசலில் நின்று நர்ஸிடம் அதையே திரும்பத் திரும்பக் கேட்டு, "எல்லாம் எழுதியாச்சு, போய்யா" என்று திட்டு வாங்கியிருக்கிறார். ஊசி போட்டார்கள். என் இரண்டாவது பிள்ளை இன்றைக்குக் கல்லுக்குண்டு மாதிரி நடந்து திரிகிறான்.

ஆட்களை ஏன் இப்படிக் கூப்பிடுகிறீர்கள் என்று ஒருநாள் கேட்டேன். அப்போதுதான் சொன்னார். அவர் மனைவிக்கு, எங்கள் மதினிக்கு, தலைப்பிரசவத்தில் ரத்தம் நிற்காமல் போயிருக்கிறது. பம்பாய்க்கு வந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை, பாஷையும் தெரியாது. வராந்தாவில் அழுதுகொண்டு நின்றவரைப் பார்த்து, வேறு யாரையோ பார்க்கவந்த ஒரு மராத்திக்காரன் சட்டைக் கையைச் சுருட்டிக்கொண்டு உள்ளே போயிருக்கிறான். கொடுத்துவிட்டு வந்து ஒரு டீ குடித்துவிட்டுக் கிளம்பினானாம். "பேரு என்னன்னு கைய வச்சுக் காட்டிக் கேட்டேன். அவன் என்ன கேக்கேன்னு நெனச்சானோ, பி பாசிட்டிவ்னு சொல்லிட்டுப் போயிட்டான். அவன் பேரு அதுதான் எனக்கு" என்றார்.

அவருக்கு ஒரே ஒரு தங்கச்சி. ஊரின் இன்னொரு மூலையில், சீத்தா கேம்ப் என்கிற குடிசைப் பகுதியில் இருந்தாள். இரண்டு பேருக்கும் பேச்சு இல்லை. தன் மகளை நாத்தனார் மகனுக்குக் கொடுக்கப்போகிறேன் என்று அவள் சொல்லவந்த அன்று இவர், "ரத்தத்துக்குள்ளயே ரத்தத்தக் கெட்டாத, பொறக்குத புள்ளைக்கு ஆவாது" என்று சொல்லியிருக்கிறார். அவள், "நம்ம அய்யாவும் அம்மையும் அத்தை மகன் மாமன் மகதான. நாம என்ன நொண்டியாவா கெடக்கோம்?" என்று கேட்டுவிட்டு எழுந்து போய்விட்டாள். கல்யாணத்துக்கு இவர் போகவில்லை. அதோடு உறவு அறுந்தது.

இதற்கு நடுவில் சந்தில் ஒரு சம்பவம் நடந்தது. பிள்ளையார் பந்தல் போடுகிற கணபதி மண்டலில் நடந்த முகாமில் ரத்தம் கொடுத்த ஒரு கார்கானா ஆளுக்குச் சில நாள் கழித்து ரத்த வங்கியிலிருந்து போன் வந்தது. போனில் சொல்லமுடியாது, நேரில் வா என்றார்கள். துணைக்குப் போனது அண்ணாச்சிதான். அந்த ஆளுக்கு அந்தப் பெரிய நோய், எய்ட்ஸ் கிருமி, இருந்தது. மாத்திரை சாப்பிட்டுக்கொண்டு நன்றாகவே வாழலாம் என்று அங்கே சொல்லித்தான் அனுப்பியிருக்கிறார்கள். அவன் காதில் ஏறவில்லை. ஊருக்குப் போனவன் திரும்பவில்லை, செத்துப்போனான் என்ற செய்திதான் வந்தது. அன்றிலிருந்து எங்கள் சந்தில், ரத்த வங்கியிலிருந்து போன் வந்தால் அதற்கு ஒரே அர்த்தம்தான்.

அதற்கப்புறம் ஒரு மழைக்காலம் முடிந்த சமயத்தில் அண்ணாச்சி மாறிப்போனார். முகாம் போட்டார்கள், அவர் போகவில்லை. முதுகு வலி என்றார். ஆள் தேடி வந்தவர்களுக்கு வழக்கம்போல ஆள் பிடித்துக்கொடுத்தார், தான் மட்டும் கை நீட்டவில்லை. கட்டிங் டீ வாங்கினால் பாதியைப் பக்கத்தில் நிற்பவனுக்கு ஊற்றிக் கொடுக்கிற மனுஷன், தனக்கென்று ஒரு கண்ணாடி டம்ளரைப் பலகைக்கு அடியில் வைத்துக்கொண்டு, அதைத் தானே கழுவினார். "வீட்டுலயும் தட்ட தனியா வச்சிருக்காவ, ஏன்னு கேட்டா எரிஞ்சு விழுதாவ" என்று மதினி என்னிடம் முறையிட்டாள்.

ஒருநாள் யாரோ சட்டையில் விட்டிருந்த குண்டூசி அவர் விரலில் ஆழமாக ஏறிவிட்டது. ரத்தம் வெள்ளைத் துணியில் சொட்டியது. நான் தையல் துணி ஒன்றைக் கிழித்துக்கொண்டு ஓடினேன். "தொடாத, அங்கனயே நில்லு" என்று கத்தினார். இத்தனை வருஷத்தில் என்னிடம் அவர் குரலை உயர்த்தியதே இல்லை. ரத்தம் பட்ட சட்டையைச் சுருட்டி அடுப்பில் போட்டு எரித்தார், சொந்தக்காரனுக்குப் புதுச் சட்டை வாங்கிக் கொடுத்தார். எனக்கு மனசு விட்டுப்போயிற்று. இனி இந்த ஆளோடு என்ன பேச்சு என்று முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

இரண்டு வருஷம் அப்படியே போனது.

பிறகு ஒருநாள் காலையில் தங்கச்சி மகள் வந்து நின்றாள். எந்தக் கல்யாணத்துக்கு இவர் போகவில்லையோ அதே பெண். அம்மாவுக்குக் கர்ப்பப்பையில் கட்டி, மாசக்கணக்காக ரத்தம் போய், செம்பூரில் ஒரு ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறது, உடனே ஆபரேஷன் செய்யவேண்டும், உடம்பில் ரத்தமே இல்லை என்றாள். "ஓ பாசிட்டிவ்னு சொல்லுதாவ மாமா." அண்ணாச்சி பெட்டியை இறக்கிவைத்தார், கண்ணை மூடினார், போய் மூன்று ஓ பாசிட்டிவ் ஆட்களைக் கூட்டிவந்து அவளோடு டாக்ஸியில் ஏற்றிவிட்டார். தான் ஏறவில்லை.

மத்தியானம் அவள் திரும்பி வந்தாள். "யாரு ரத்தமும் சேரல மாமா. அம்மா ரத்தத்தோட சேத்துப் பாத்தா பால் திரிஞ்ச மாதிரி திரிஞ்சு போவுதாம். இது ஓ-வே இல்லங்காவ. ஆயிரக்கணக்குல தேடுனாத்தான் ஒருத்தருக்கு இருக்குமாம். கூடப்பொறந்தவங்க இருந்தா உடனே கூட்டியாங்கன்னு சொல்லுதாவ."

பலகைமேல் இருந்த அவருடைய போன் அடித்தது. எடுத்துப் பார்த்துவிட்டு, கட் பண்ணிக் கவிழ்த்துவைத்தார். "என்னால ஆவாது மருமவளே. வேற யாரையும் பாரு" என்றார்.

அந்தப் பெண் நாலு எட்டு போய்த் திரும்பினாள். "என் கல்யாணத்துக்குத்தான் வரல. எங்கம்மா சாவுக்காவது வந்துருங்க" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

நான் மெஷினைவிட்டு எழுந்து நேரே போனேன். "ஊரெல்லாம் கூப்பிட்டுக் கூப்பிட்டுக் குடுத்தீங்களே, கூடப்பொறந்தவளுக்குக் குடுக்க மனசு வரலையா? அப்படி என்ன வைராக்கியம் அண்ணாச்சி, உங்களுக்கு நெஞ்சு கல்லா?" என்று கேட்டேன். வாய்க்கு வந்ததையெல்லாம் கேட்டேன்.

அவர் தேய்த்துக்கொண்டே இருந்தார். ஒரே மடிப்பைத் திரும்பத் திரும்பத் தேய்த்தார், துணி கருகுகிற வாடை வந்தது. பிறகு என்னைப் பார்க்காமல் சொன்னார். "அவளுக்கு வெஷத்தக் குடுக்கச் சொல்லுதியா?"

கடைசியாகக் கொடுத்த முகாமுக்குப் பிறகு ரத்த வங்கியிலிருந்து அவருக்குப் போன் வந்திருக்கிறது. உங்கள் ரத்தத்தில் ஒரு விஷயம் இருக்கிறது, போனில் விளக்கமுடியாது, நேரில் வாருங்கள் என்றார்களாம். அவர் போகவில்லை. மறுபடி மறுபடி கூப்பிட்டார்கள், எடுக்கவில்லை. அந்தக் கார்கானா ஆளோடு துணைக்குப் போய் எல்லாவற்றையும் கண்ணால் பார்த்தவர் அல்லவா. "எந்தப் பாவமும் செய்யல ளா, எங்க ஒட்டிச்சோ தெரியல. நான் குடுத்த ரத்தம் எத்தன பேரு ஒடம்புல ஓடுது. அத்தன பேருக்கும் சீக்கக் குடுத்துட்டேன். படுத்தா ஒவ்வொரு மூஞ்சியா வருது" என்றார்.

"சோதிச்சுப் பாத்தீங்களா?"

"பாத்து? தெரிஞ்சா சாவ வேண்டியதுதான்."

"தெரியாமலே ரெண்டு வருஷமா செத்துக்கிட்டுத்தானே இருக்கீங்க" என்றேன். செம்பில் இருந்த தண்ணீரை அவர் பெட்டிக் கரியின்மேல் அப்படியே கொட்டினேன். புஸ்ஸென்று புகை எழும்பி அடங்கியது. இனி தேய்க்க முடியாது. அவர் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனேன், அவர் உதறினார், நான் விடவில்லை. மாட்டுங்காவில் அந்த ரத்த வங்கி இருக்கிற கட்டடம்வரை டாக்ஸியில் தூக்குக்குப் போகிறவர் மாதிரி உட்கார்ந்திருந்தார்.

கவுண்டரில் ஒரு மராத்தி அம்மா. அண்ணாச்சி தன் பெயரையும் போன் நம்பரையும் சொன்னார். அவள் கம்ப்யூட்டரில் தட்டிப் பார்த்தாள், சட்டென்று எழுந்து நின்றாள். "நீங்களா?" என்று இந்தியில் கேட்டாள். "இப்போ மத்தியானம்கூடக் கூப்பிட்டோமே, கட் பண்ணிட்டீங்க. செம்பூர்ல ஒரு அம்மா கிடக்கிறாங்க, கர்ப்பப்பை ஆபரேஷன்."

அது யார் என்று எனக்குப் புரிந்துவிட்டது. அண்ணாச்சிக்கு அது ஏறவே இல்லை. "எனக்கு என்ன சீக்கு? அத மொதல்ல சொல்லுங்க" என்றார்.

"சீக்கா? ஒண்ணும் இல்லையே. சுத்தமான ரத்தம்" என்றாள் அந்த அம்மா. பிறகு அவரை உட்காரவைத்துப் பொறுமையாகச் சொன்னாள். ஏ, பி என்பதெல்லாம் ரத்த அணுவின்மேல் கட்டிய வீடு மாதிரியாம். ஓ குரூப்காரர்களுக்கு வீடு இல்லை, ஆனால் அஸ்திவாரம் உண்டு. உங்களுக்கு அந்த அஸ்திவாரமே இல்லை என்றாள். மேலோட்டமாகப் பார்த்தால் ஓ என்றுதான் தெரியும், முன்னே முகாமில் அப்படித்தான் எழுதிக்கொடுத்திருக்கிறார்கள். முழுதாகச் சோதித்தால்தான் வெளிப்படும். மற்றவர்களுக்கு இவர் ரத்தம் கெடுதல் செய்யாது. இவருக்குத்தான், ஓ ரத்தம்கூட ஏற்றமுடியாது, ஏற்றினால் உயிருக்கே ஆபத்து. தன்னைப் போன்ற இன்னொருவருடையது மட்டும்தான் சேரும். முதன்முதலில் இந்த ஊரில் கண்டுபிடித்ததால் பம்பாய் என்று ஊர்ப் பெயரையே அதற்கு வைத்துவிட்டார்களாம். "உங்க அப்பா அம்மா சொந்தத்துக்குள்ள கல்யாணம் பண்ணவங்களா?" என்று கேட்டாள். அண்ணாச்சி தலையாட்டினார். "செம்பூர்ல கிடக்கிறது என் தங்கச்சி" என்றார். அவ்வளவுதான், தரையில் உட்கார்ந்து, முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதார். அவர் அழுது நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான்.

சோதித்தார்கள், சரியாக இருந்தது. கட்டிலில் படுத்தார். ஊசி ஏற்றுவதற்கு முன்னால், "ரெண்டு வருஷமா அத்தன தடவ கூப்பிட்டீங்களே, எல்லாம் இதச் சொல்லத்தானா?" என்று கேட்டார்.

"முதல்ல இதச் சொல்லத்தான். அப்புறம் ஒரு பொண்ணுக்காக. சின்னப் பொண்ணு, தலைப்பிரசவம்."

"அவளுக்கு என்ன ஆச்சு?"

அந்த அம்மா அவர் முழங்கையில் பஞ்சால் துடைத்தாள். "கையை நீட்டி வையுங்க" என்றாள்.

தங்கச்சி பிழைத்துவிட்டாள். முதல் பை இவருடையது. அடுத்தது கொங்கணத்திலிருந்து ரயிலேறி வந்த யாரோ ஒருவருடையது. ஆஸ்பத்திரியில் கண் விழித்தவள் அண்ணனைப் பார்த்து, "சாப்பிட்டியா?" என்று மட்டும் கேட்டாளாம். அதற்குப் பிறகு ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் கருவாட்டுக் குழம்போடு பஸ் ஏறி வந்துவிடுவாள். இவரும் கண்ணாடி டம்ளரைத் தூக்கி எறிந்துவிட்டுப் பாதி டீயை அடுத்தவனுக்கு ஊற்ற ஆரம்பித்தார். ஆனால் ஓ பாசிட்டிவ் பெருமை அதோடு போயிற்று. முருகன் பக்கத்தில் ஆணி மட்டும் இருந்தது. முகாம்களுக்கு அவர் போவதில்லை, கூப்பிடும்போது மட்டும் கொடுங்கள் என்று அந்த அம்மா சொல்லியிருந்தாள். அந்த அழைப்புக்காகவே உயிரோடிருந்த மாதிரி இருந்தார். போனைச் சட்டைப் பையில் வைக்கமாட்டார், கையெட்டுகிற இடத்தில் பலகைமேல்தான் இருக்கும். மணி ஒரு தடவை அடித்து முடிப்பதற்குள் எடுத்து, ஹலோகூடச் சொல்லாமல், "எந்த ஆஸ்பத்திரி?" என்பார். பாதி நேரம் லோன் வேண்டுமா என்று கேட்கிற பெண்ணாக இருக்கும். நாங்கள் சிரிப்போம். அவர் சிரிக்கமாட்டார். அந்தச் சின்னப் பொண்ணைப் பற்றி அவர் ஒருநாளும் என்னிடம் பேசவில்லை, நானும் கேட்கவில்லை.

இரண்டு வருஷம் முன்னால் ஒரு மத்தியானம் தேய்த்துக்கொண்டிருக்கும்போதே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தார். பெட்டி கவிழ்ந்து போர்வை தீப்பற்றியது. நான்தான் அணைத்தேன். அவரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவதற்குள் முடிந்துவிட்டது. ரத்தம் ஏற்றவேண்டிய அவசியமே வரவில்லை.

பதினாறாம் நாள் விசேஷத்துக்குச் சந்து முழுக்கக் கூட்டம். ஏ பாசிட்டிவ், ஏபி பாய், கார்கானா ஆட்கள் எல்லாரும் வந்திருந்தார்கள். படத்துக்கு முன்னால் இலை போட்டு, அவருக்குப் பிடித்ததெல்லாம் படைத்து, பக்கத்தில் அவர் போனையும் வைத்திருந்தாள் மதினி. எல்லாரும் சாப்பிட உட்காருகிற நேரத்தில் அது அடித்தது. மதினி சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

தங்கச்சிதான் எழுந்து போய் எடுத்தாள். கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருந்தாள். "அண்ணன் இல்ல. நான் அவிய தங்கச்சி" என்று தனக்குத் தெரிந்த இந்தியில் சொன்னாள். "ஆமா, அதே ரத்தந்தான். இப்ப நல்லாத்தான் இருக்கேன், டாக்டர்ட்ட கேட்டாச்சு. எந்த ஆஸ்பத்திரி?"

போனை இடுப்பில் சொருகிக்கொண்டு செருப்பைத் தேடினாள். வழி தெரியாதோ என்னவோ, கூட்டத்தில் கண்ணை ஓட்டி என்னிடம் வந்து நின்றாள். என் பெயர் அவளுக்குத் தெரியாது. அண்ணன் சொல்லிக் கேட்டதுதான் தெரியும்.

"நெகட்டிவ், கூட வாரியளா?" என்றாள்.

என் பெயரைச் சொல்லுங்கள் என்று நான் சொல்லவில்லை. கையைக் கழுவிவிட்டு அவளோடு கிளம்பினேன்.